ஐயா உட்காரக் கூடாது

உட்காரும்மா. அந்த ஓரத்துல வேண்டாம், பெஞ்சு ஆடும். இப்படி என் பக்கம் வா. போதகர் ஐயாவைப் பார்க்கத்தான வந்திருக்க? உள்ள ஆள் இருக்கு. எங்க வீட்டுக்காரருதான். கதவை முழுசா சாத்தல, ஒருக்களிச்சுத்தான் வச்சிருக்கு. நீ எட்டிப் பார்க்காத. நான் பார்த்துட்டேன், அது போதும்.

என் கையைத் தொட்டுப் பாரேன். சில்லுனு இருக்கா? வெளிய ரோட்டுல தார் உருகுது, எனக்குக் கை சில்லுனு இருக்கு.

நீ யாருக்காக வந்திருக்க? மாமியாருக்கா? பெண்கள் வார்டா, சரி. ஐயா உங்க கட்டிலுக்கு வந்தாரா? வந்து நின்னாரா, உட்கார்ந்தாரா?

சிரிக்காதம்மா. நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. நின்னாரா? ஸ்தோத்திரம். அப்போ உனக்குப் பயமில்ல. மாமியாரைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவ.

உங்க வார்டுல இதை யாரும் சொல்லலையா? எங்க வார்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சொன்னது வத்தலக்குண்டு அக்கா. பேரு எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில யாருக்குப் பேரு இருக்கு, எல்லாரும் ஊருதான். அந்த அக்கா வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா சிகிச்சை. அந்தம்மா எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. நாங்க வந்து சேர்ந்த அன்னைக்கே காதோட சொன்னாங்க. "இந்தா பாரு, வேதமாணிக்கம் ஐயா காலையில ஜெபம் பண்ண வருவாரு. வந்து, நின்னு, தலையில கை வச்சு ஜெபம் பண்ணிட்டுப் போனாருன்னா நல்லது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாருன்னா, அந்தக் கட்டிலு காலியாகப் போகுதுன்னு அர்த்தம். டாக்டருங்க அவருகிட்டத்தான் முதல்ல சொல்லுவாங்க."

நானும் உன்னை மாதிரி சிரிச்சேன். நாங்களும் வேதக்காரங்கதான்மா, ஞாயித்துக்கிழமை சர்ச்சு தவறாத குடும்பம். வேதத்துல இருந்துக்கிட்டு சகுனம் பார்க்கலாமான்னு கேட்டேன். அந்த அக்கா ஜன்னலோரக் கட்டிலைக் கண்ணால காட்டினாங்க.

அதுல ஒரு வாத்தியார் இருந்தாரு. ஐயா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு பேசிட்டே இருந்தாரு. மறுநாள் அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு. அப்புறம் கதவோரம் ஒரு ஆளு, ஆடு மேய்க்கிறவரு, கோயில் கயிறெல்லாம் கட்டியிருந்தாரு. ஐயா அவருகிட்டயும் உட்கார்ந்தாரு. ஜெபமே பண்ணல, ஆட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஆளும் போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்க சிரிப்பு வரும்? அந்த இரும்பு ஸ்டூலு தரையில இழுபடற சத்தம் கேட்டாலே வார்டு மொத்தமும் பேச்சை நிறுத்திடும். யாரு கட்டிலுன்னு திரும்பிப் பார்க்கும்.

எங்க வார்டு ஹெப்சிபா சிஸ்டர்கிட்டக் கேட்டேன். அது தலையில அடிச்சுக்கிச்சு. "அம்மா, அவருக்கு முழங்கால் தேஞ்சுபோச்சு. மாடி ஏறி வந்தா உட்காரத்தான் செய்வாரு. ரொம்ப முடியாதவங்ககிட்ட கொஞ்ச நேரம் கூட இருப்பாரு, அவ்வளவுதான்." சிஸ்டர் அப்படித்தான் சொல்லும். சம்பளம் வாங்குற பிள்ளை, உண்மையைச் சொல்ல முடியுமா?

எங்க வீட்டுக்காரரு பேரு ஞானசிகாமணி. குடல்ல கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேஷன். கிணறு வெட்டுற வேலை அவருக்கு. பாறை வந்துட்டா அவருதான் உள்ள இறங்கி வெடி வைப்பாரு. திரியைக் கொளுத்திட்டு மத்தவன் எல்லாம் தலைதெறிக்க ஏறி வருவான், இவரு படியில சும்மா நடந்து வருவாரு. எங்க பக்கம் நாலு ஊருல கேட்டுப் பாரு. பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்மா. நான்தான் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாக்கூட எனக்குக் காய்ச்சல் வந்துரும். அவருக்குக் கிடையாது.

அந்த வார்டுல ஒண்ணுதான் குறை, குளிரு. ஃபேனை நிறுத்த விடமாட்டாங்க. இவரு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவாரு, போர்வை கிடந்து நடுங்கும். நான் இன்னொரு போர்வையைப் போத்துவேன். அதுவும் சேர்ந்து நடுங்கும். இந்த வெயில் காலத்துல அவ்வளவு குளிரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதல் நாளே நான் முடிவு பண்ணிட்டேன். எங்க கட்டிலுக்கு ஒரு ஸ்டூலு. அதுல நான் உட்கார்ந்துட்டா ஐயா எதுல உட்காருவாரு? நல்ல யோசனையா இல்லையா? உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு, அசையல. ஐயா வந்தா மரியாதைக்கு எழுந்திரிக்கணும்ல, நான் எழுந்திரிக்கல. "கால்ல வீக்கம் ஐயா, மன்னிக்கணும்"னு சொல்லிட்டேன். அவரு, "இருங்கம்மா, இருங்கம்மா, நான் நின்னுக்கிறேன்"னாரு. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலை லேசாத் தூக்கிக்கிட்டு, கொக்கு மாதிரி நின்னுதான் ஜெபம் பண்ணினாரு. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

வெந்நீர் பிடிக்கக் கீழ போகணும். அந்த நேரம் பார்த்து அவரு வந்துட்டா? அதனால ஸ்டூலையும் கையில தூக்கிக்கிட்டே போவேன். இந்தக் கையில ஃபிளாஸ்க்கு, அந்தக் கையில ஸ்டூலு. வாட்ச்மேன் கூப்பிட்டுக் கேட்டான், "என்னம்மா, போறப்ப கட்டிலையும் எடுத்துட்டுப் போறீங்களா, வண்டி சொல்லட்டுமா?" கழுதை. அவனுக்கு என்ன தெரியும், அவன் பொண்டாட்டி நல்லா இருக்கா.

ஆனா சனியன் வேற பக்கத்துல இருந்து வந்துச்சு. எங்க வீட்டுக்காரரே ஐயாவைப் பார்த்து, "ஐயா, உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்"னாரு.

நான் குறுக்க விழுந்து, "அவரு பேசினா இருமல் வரும் ஐயா, டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு"ன்னேன். எந்த டாக்டரும் சொல்லல. இவரு என்னைப் பார்த்தாரு. ஐயாவும் பார்த்தாரு. அப்புறம் ஐயா, "சரிம்மா, எப்ப சவுகரியமோ அப்பப் பேசலாம். நீங்க தூங்கினீங்களா?"ன்னு என்னைக் கேட்டாரு. என்னை எதுக்கு கேட்கணும்? நான் தூங்கினா ஸ்டூலை எடுத்துக்கலாம்னுதான. "நான் தூங்கவே மாட்டேன் ஐயா"ன்னு பட்டுனு சொல்லிட்டேன்.

ஏன் பேச விடலைன்னு நீ நினைப்ப. சொல்றேன் கேளு. எங்க அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க, போகல. இழுத்துக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் எங்களை எல்லாம் கூப்பிட்டு, யாருக்கு எந்தப் பாத்திரம், யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேட்கணும், ஒண்ணு விடாம சொன்னாங்க. சொல்லி முடிச்சாங்க. தண்ணி கேட்டாங்க. போயிட்டாங்க. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மனசுல ஏதாவது மிச்சம் இருக்கிற வரைக்கும்தான் உசுரு நிக்கும். சொல்லி முடிச்சவங்க தங்க மாட்டாங்க.

அப்போ நான் விடுவேனா? இவரு மனசுல ஏதோ இருக்கு. அது இருக்கட்டும். அது உள்ள கிடந்து அவரைப் பிடிச்சு வைக்கட்டும். ஐயா ஸ்டூல்ல உட்கார்ந்து அதைப் பிடுங்கிட்டாருன்னா?

ஆனா என்னதான் அது? அதுவும் அரிக்கத்தானம்மா செய்யும். பழனிப் பக்கம் மாசக்கணக்குல வேலைக்குப் போயிருந்தாரே, அங்க யாராவது பொம்பளையா? இல்ல, ரோட்டோரத்து நிலத்தை எனக்குத் தெரியாம தங்கச்சி பேருக்கு எழுதிட்டாரா? எவனாவது வெடியில அடிபட்டானா? ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்த்தேன். பொம்பளையா இருந்தாலும் பரவாயில்ல, உசுரோட இருக்கட்டும், வீட்டுக்குப் போய் வச்சுக்கிறேன்னு இருந்தேன்.

"என்கிட்டச் சொல்லுங்களேன்"னு கேட்டுப் பார்த்தேன்.

"உன்கிட்டச் சொல்ல முடியாது சொர்ணம்."

"ஏன், நான் என்ன ஊர்க்காரியா?"

"சொல்ல ஆரம்பிச்சாலே நீ விடமாட்ட."

நானா விடமாட்டேன்? நான் எங்க தடுத்தேன்? "சொர்ணம், ஒருவேளை நாளைக்கு"ன்னு ஆரம்பிப்பாரு. நான், "ஒருவேளைங்கிற பேச்சே வாயில வரக் கூடாது. ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லுவேன். "இல்ல, கட்டி பெருசா இருந்துச்சுன்னா"ம்பாரு. "பெருசும் இல்ல சிறுசும் இல்ல, ஒண்ணும் ஆகாது"ம்பேன். அப்புறம் அவரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்குவாரு. நிம்மதியாத் தூங்கிருவாரு. நோயாளிக்கு தைரியம் சொல்றதை விட வேற என்னம்மா மருந்து இருக்கு? சாப்பாடு ஊட்டுறப்ப ஒரு "ஒண்ணும் ஆகாது". ஊசி போடுறப்ப ஒரு "ஒண்ணும் ஆகாது". நான் அதைச் சொல்றதை நிறுத்தினா ஏதாவது ஆயிரும்னு எனக்கு ஒரு நடுக்கம். நாக்கு வறண்டாலும் நிறுத்தல.

இன்னைக்குப் பெரிய டாக்டர் வந்தாரு. நாளைக்கு முதல் ஆபரேஷன் இவருக்குத்தான், ரத்தத்துக்கு ஆள் சொல்லிக்கோங்கன்னாரு. எங்க அண்ணன் மகன் ரத்தம் கொடுக்க பஸ்ஸைப் பிடிச்சு வந்து கீழ நிக்கிறான். அவனுக்கு ரத்தம் எடுக்கிற இடம் தெரியாது, நான்தான் கூட்டிட்டுப் போகணும். ஊசியைப் பார்த்தா அவனுக்கு மயக்கம் வேற வரும். ஸ்டூலையும் அவனையும் ஒண்ணாத் தூக்க முடியுமா? யோசிச்சேன். ஐயா காலையிலயே வந்துட்டுப் போயிட்டாரு, இனி எங்க வரப்போறாருன்னு ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுப் போயிட்டேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன். கட்டில் காலி.

காலின்னா காலிம்மா. போர்வை மடிச்சு வச்சிருக்கு. ஆயாம்மா கட்டிலைத் துணி வச்சுத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் போட்ட சத்தம் உங்க வார்டுக்குக் கேட்டிருக்குமே. கேட்கலையா? மூணு பேரு என்னைப் பிடிச்சாங்களாம். வத்தலக்குண்டு அக்கா என் கூடச் சேர்ந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க, எதுக்குன்னு தெரியாமலேயே. ஹெப்சிபா சிஸ்டர் ஓடி வந்து என் தோளைப் பிடிச்சு உலுக்கிச்சு. "அம்மா! அம்மா! அவரு நல்லா இருக்காரு! ஐயா ரூமுக்கு நடந்து போயிருக்காரு. வீல்சேர் கொண்டு வர்றேன்னேன், வேண்டாம்னுட்டாரு. போர்வையை அவரே மடிச்சு வச்சுட்டுப் போனாரு."

அவரே மடிச்சாராம். இத்தனை வருஷத்துல ஒரு துண்டு மடிச்சது கிடையாது. போற ஆளுதான எல்லாத்தையும் மடிச்சு வைக்கும்?

செருப்பு கூடப் போடாம ஓடி வந்தேன். வந்து எட்டிப் பார்த்தா, ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. ஐயா ஒரு நாற்காலியில, இவரு ஒரு நாற்காலியில, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி. இவரு பேசிக்கிட்டே இருக்காரு. கையை ஆட்டி ஆட்டிப் பேசுறாரு. என்கூட வாழ்ந்த மனுஷன்கிட்ட இவ்வளவு பேச்சு இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா. உள்ள போய் இழுத்துட்டு வந்துரலாம்னு கதவுல கை வச்சேன். கால் நகரல. அதான் இங்க உட்கார்ந்துட்டேன். நல்லவேளை நீ வந்த. இல்லன்னா இந்தத் தூண்கிட்டத்தான் பேசியிருப்பேன்.

கேட்குதா? இப்பப் பேச்சு நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு? முடிஞ்சுபோச்சா? ஏம்மா, நீ கொஞ்சம் எட்டிப் பாரேன். வேண்டாம், வேண்டாம், பார்க்காத. உன் கையைக் கொடு, சும்மா பிடிச்சுக்கிறேன். நாற்காலி நகருது. வர்றாரு.

*

ஹெப்சிபா சிஸ்டர் அவரை வார்டுக்குக் கூட்டிட்டுப் போகுது, பார்த்தியா. கைத்தாங்கல் கூட வேண்டாங்கிறாரு. என்னைப் பின்னாடி வரச் சொல்லியிருக்காரு. வர்றேன்னேன். ஒரு நிமிஷம் இருந்துட்டுப் போறேன்.

நீ எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட, நல்ல வீட்டுப் பிள்ளை. ஆனா கேட்டிருக்கும். எதுக்கும் நானே சொல்லிடுறேன், சரியாக் கேட்டேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.

நீ இருந்த இடத்துலதான் வந்து உட்கார்ந்தாரு. ஐயா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் பழனிப் பொம்பளைக்குத் தயாரா இருக்கேன். நிலத்துக்கும் தயாரா இருக்கேன். இவரு என் முகத்தைப் பார்த்து, "சொர்ணம், எனக்குப் பயமா இருக்குடி"ன்னாரு.

நான் உடனே, "ஒண்ணும் ஆகா"ன்னு ஆரம்பிச்சேன். என் வாயைப் பொத்திட்டாரு. ஊசி குத்தி பிளாஸ்டர் ஒட்டியிருக்கே, அந்தக் கையால. ஐயா முன்னாடி! பொறந்த நாள்ல இருந்து என் வாயை யாரும் பொத்தினதில்ல, எங்க அப்பா கூடப் பொத்தினதில்ல.

அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இதைச் சொல்லாத. நீ சொன்னா நான் ஆமான்னு சொல்லணும். உனக்காக ஆமா ஆமான்னு சொல்லியே நான் ஓஞ்சு போயிட்டேன். அதைச் சொல்லிக்கிட்டே உள்ள போக என்னால முடியாது."

நான் கையை விலக்கிட்டுக் கேட்டேன், "இவ்வளவு நேரம் ஐயாகிட்ட வேற என்னதான் சொன்னீங்க?"

"இதான் சொன்னேன்."

"இதையேவா?"

"இதையேதான். திருப்பித் திருப்பி இதையேதான் சொன்னேன். அவரு ஒரு தடவை கூட ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லல."

நான் ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். எப்படிப் பார்த்திருப்பேன்னு நினைச்சுக்கோ. ஒரு போதகரா இருந்துக்கிட்டு, ஒரு நோயாளி வாயை விட்டுப் பயமா இருக்குன்னு சொல்றப்ப, ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே இவருக்கு! இதுக்கா இந்த ஆஸ்பத்திரியில ஒரு ரூம் கொடுத்து வச்சிருக்காங்க? கேட்டுட்டேன். "அப்போ நீங்க என்னதான் ஐயா சொன்னீங்க?"

"நானும் பயப்படுவேன்னு சொன்னேன்மா"ன்னாரு. கூச்சமே இல்லாம.

நான் இவருகிட்டத் திரும்பினேன். "அப்போ நாளைக்கு நான் என்னதான் சொல்ல?"ன்னேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பக்கத்துல வந்து நில்லு. நீயும் பயந்துக்க"ன்னாரு.

சொல்லிட்டு எழுந்து போறாரும்மா. முகத்தைப் பார்த்தியா? கழுவி விட்ட மாதிரி. இன்னைக்குத் தூங்குவேன்னு வேற சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுப் போறாரு. எனக்கு அதைப் பார்த்தாத்தான் பயம் கூடுது. எங்க அம்மா முகமும் தண்ணி கேட்கிறப்ப இப்படித்தான் இருந்துச்சு. இல்ல, அது வேற. அம்மாவுக்கு வயசு. இவருக்கு என்ன, கட்டிதான. ஒண்ணும் ஆ... பார்த்தியா, தானா வருது. உன்கிட்டயே தானா வருது.

இரு, ஐயா உன்னைத்தான் பார்க்கிறாரு. உன் முறைதான், போ. என்ன? நான் போறதா? நீ விட்டுக்கொடுக்கிறியா? எனக்கு எதுக்கும்மா, எனக்கு என்ன நோயா? ஐயா, இந்தப் பிள்ளைதான் அடுத்தது, இதோட மாமியாருக்கு முடியலையாம், இதைக் கூப்பிடுங்க.

போம்மா. போயிட்டு வா. இல்ல, இரு, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நாளைக்குக் காலையில அந்தக் கதவு சாத்துற வரைக்கும் நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன். நிக்கிறது எனக்குப் பிரச்சனை இல்ல. பயப்படுறதும் புதுசு இல்ல. ஆனா வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா பயப்படுறது?